இளையவள் இடப்பக்கம் திரும்பிய செவ்வாய்க்கிழமை

வாசல் மணி இரண்டாவது முறை அடிப்பதற்குள் வாத்தியார் கதவைத் திறந்துவிட்டார். புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிவிட்டது. ஆனால் வீடு தேடி வரும் எந்தப் புதிரையும் மனைவியை முந்திக்கொண்டு தான் அவிழ்த்துவிட வேண்டும் என்ற ஆசைக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

மனைவி முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக உடைந்த எந்திரங்களைப் பார்த்து அறிக்கை எழுதியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் சர்வேயரம்மாதான். அவர் அறிக்கையில் ஒரு வார்த்தையை மாற்ற இதுவரை யாராலும் முடிந்ததில்லை, வாத்தியார் உட்பட.

வாசலில் நின்றவளுக்கு முப்பது வயது இருக்கும். காலில் கனத்த பூட்ஸ், நெஞ்சோடு அணைத்த ஒரு கட்டு காகிதம். சுரங்கத்தில் அவளுக்குப் பெட்டிக்காரி என்று பெயர். மலையைத் தோண்டும் ராட்சத எந்திரங்களின் வயிற்றுக்குள் ஒரு பெட்டியைப் பொருத்துவது அவள் வேலை. பெட்டியிலிருந்து கிளம்பும் ஒயர்கள் பம்பிலும் கியர்பாக்ஸிலும் இறுக்கிய சென்சார்களில் போய் முடியும். எங்கே நடுக்கம் கூடுகிறது, எங்கே சூடு ஏறுகிறது என்று பெட்டி சதா கவனித்து அலுவலகக் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எதுவும் உடைவதற்கு முன்பே எச்சரிப்பதுதான் அதன் பிழைப்பு.

"ரெண்டு பெரிய மெஷின் ஒரே மாதிரி இருக்கும்மா. ஒரு வாரம் முன்னப்பின்ன வந்ததால மூத்தவள், இளையவள்னு பேரு வச்சிருக்காங்க," என்றாள் பெட்டிக்காரி. "நாலு நாள் முன்னாடி மூத்தவளோட சுழல் கியர்பாக்ஸ் பல்லு உடைஞ்சு போச்சு. உடம்பைத் திருப்புற கியர் அதுதான். பாரத்தோட திரும்பினது நிக்காம போய் லாரி மேல மோதிடுச்சு. டிரைவருக்குத் தோள் எலும்பு முறிஞ்சிருக்கு. உயிர் தப்பினதே பெரிசு."

"உன் பெட்டி எச்சரிக்கலையா?" என்றார் சர்வேயரம்மா.

"மூத்தவள் நல்லா இருக்கான்னே கடைசி நிமிஷம் வரைக்கும் சொல்லியிருக்கு. ஆனா மூணு வாரமா இளையவளோட கியர்பாக்ஸ் நடுங்குதுன்னு அலாரம் கொடுத்துக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு தடவை பிரிச்சுப் பார்த்தாங்க. எண்ணெய்ல ஒரு இரும்புத் தூள்கூட இல்ல."

"ரெண்டு பெட்டியையும் நீ மாத்திப் பொருத்திட்டே," என்று வாத்தியார் தீர்ப்பு வழங்கினார். டீ வரும் வரைகூட அவர் காத்திருக்கவில்லை.

"அதைத்தான் சார் முதல்ல நானும் பயந்தேன். விபத்துக்கு மறுநாள் மெக்கானிக் மூத்தவளோட பெட்டியைக் கழட்டி நம்பரை போன்ல படிச்சார். சரியான பெட்டிதான். அப்புறம் இளையவளோடதையும் எட்டிப் பார்த்துச் சொன்னார், அதுவும் சரிதான். என்னைக் குழிக்குள்ள விடல. இன்னைக்கு மதியம் என்னோட எட்டுப் பெட்டியையும் கழட்டிடுவாங்க. இனிமே எந்தச் சுரங்கத்துலயும் என்னைச் சேர்க்கக்கூடாதுன்னு மேலாளர் எழுதப்போறாராம்." அவள் குரல் இறங்கியது. "வேலை போனா போகட்டும்மா. என் பெட்டி பொய் சொல்லிச்சா, நான் தப்பா பொருத்தினேனா, அது தெரியாம என்னால தூங்க முடியல. ஒரு மனுஷன் செத்திருப்பான்."

சர்வேயரம்மா காகிதக் கட்டை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். முக்கால் மணி நேரம் படித்தார். பெட்டிக்காரி அடிக்கோடு போட்டிருந்த அதிர்வுப் பக்கங்களை அவர் சீக்கிரமே தள்ளிவிட்டு, யாரும் தொடாத பக்கங்களில் விரலை ஓட்டினார்.

"இது என்ன கோடு?"

"பாரம் தூக்கிக்கிட்டு எந்தப் பக்கம் திரும்புதுன்னு காட்டும். சுழற்றுற மோட்டாருக்கு இடது குழாய், வலது குழாய்னு இருக்கு. எதுல அழுத்தம் கூடுதோ அந்தப் பக்கம் பாரம் போகுதுன்னு அர்த்தம். அதை யாரும் பார்க்கிறதில்லம்மா."

"மூணு வாரம் முன்னாடி இந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ஒண்ணேகாலுக்கு ரெண்டு பெட்டியும் அரை மணி நேரம் ஒண்ணுமே சொல்லலையே?"

"சாப்பாட்டு நேரம். மெஷினை நிறுத்தியிருப்பாங்க." சொல்லிவிட்டு அவளே நெற்றியைச் சுருக்கினாள். "இல்லையே, மெஷின் நின்னாலும் பெட்டி பேட்டரியில முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கும்."

சர்வேயரம்மா அந்த இடத்தில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகி எழுந்தார். "என்னங்க, பையை எடுங்க. போய்ப் பார்த்துட்டு வரலாம்."

சுரங்க மேலாளருக்குச் சர்வேயரம்மாவோடு பழைய பழக்கம். பன்னிரண்டு மணி வரை எங்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள் என்று ஒரு ஃபோர்மேனையும் துணைக்கு அனுப்பினார். பெட்டிக்காரி அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

குழிக்குள் இறங்கியதும் வாத்தியார் நின்றுவிட்டார். இத்தனை வருடம் வரைபடத்தில் கோடாகக் காட்டிய பாறை அடுக்குகள் எதிரே சுவராக நின்றன. மேற்கு மூலையில் மூத்தவள் பக்கெட்டைத் தரையில் ஊன்றி முடங்கிக் கிடந்தாள். அவளுக்கு இடப்பக்கம் லாரிகள் வந்து திரும்பிய டயர் தடம் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. கிழக்கே, பாறைச் சுவர் இடப்பக்கம் ஒட்டி நிற்க, இளையவள் சும்மா நின்றாள். அவளுக்கு டயர் தடம் வலப்பக்கம். வாத்தியார் இரண்டையும் நோட்டில் வரைந்துகொண்டார். எதற்கு என்று தெரியவில்லை, வரைவது அவருக்குப் பழக்கம்.

"ரெண்டு மெஷினும் எப்பவாவது இடம் மாறிச்சா?" என்று சர்வேயரம்மா ஃபோர்மேனைக் கேட்டார்.

"மழை விட்டதுல இருந்து, மூணு மாசமா, ஒரு அடிகூட நகரல. இதை நகர்த்துறதுன்னா அரை நாள் போயிடும்மா."

சர்வேயரம்மா இளையவளின் ஏணியில் ஏறினார். அறுபது வயதில் இவள் ஏறுகிறாளே என்று வாத்தியாரும் மூச்சு வாங்கப் பின்னாலேயே ஏறினார். பெட்டி நான்கு போல்ட்டுகளில் இறுகியிருந்தது. பொருத்தியவுடன் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் கீழ்த் தகடு வரை பெட்டிக்காரி மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருந்தாள். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே நான்கு கோடுகளும் விலகியிருந்தன. தகட்டில் கோடு ஒரு பக்கம், தலையில் கோடு இன்னொரு பக்கம்.

"தளர்ந்திருக்கு," என்றார் வாத்தியார்.

"அசைச்சுப் பாருங்க."

அசைத்தார். உடும்புப் பிடி. போல்ட் கொஞ்சமும் தளரவில்லை. மூத்தவளிடம் போய்ப் பார்த்தபோது அங்கும் அதே கதைதான்.

"இவளோட பெட்டியை நான் கழட்டினேன்மா, நம்பர் படிக்கிறதுக்கு," என்றார் அங்கே நின்ற மெக்கானிக். "இளையவளோடதை நான் தொடவே இல்ல. பக்கவாட்டுலயே நம்பர் தெரிஞ்சுது."

வாத்தியார் மனைவியின் காதில் குனிந்தார். "இந்த மெக்கானிக்தான். முழியே சரியில்ல."

"அவருக்குத் தூக்கம் சரியில்ல. வாங்க, டீ குடிக்கலாம்."

கேன்டீன் சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் ஐந்து வாரத்துப் பட்டியல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தன. எந்த எந்திரம் எஞ்சின் ஓடியும் வேலை செய்யாமல் எத்தனை நிமிடம் நின்றது என்ற கணக்கு. முதல் இடத்துக்குச் சிவப்பு மையில் வட்டம் வேறு. மேலாளரின் உத்தரவு, விவரம் பெட்டியிலிருந்து வருவது என்றார் ஃபோர்மேன். சர்வேயரம்மா பட்டியல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். முதல் இரண்டு வாரமும் சிவப்பு வட்டம் மூத்தவளுக்கு. அடுத்த மூன்று வாரமும் இளையவளுக்கு.

"ரெண்டு மெஷினையும் யாரு ஓட்டுறாங்க?"

"மூத்தவளை ஓட்டுறது பெரியவர். இருபத்தாறு வருஷ அனுபவம். இளையவளை ஓட்டுறது அவர் மச்சான், அவர் வீட்டம்மாவோட தம்பி. சின்ன வயசுல இருந்து இவர்தான் வளர்த்தார், தொழிலும் கத்துக்கொடுத்தார்."

"சிவப்பு வட்டம் போட்டதுக்கு மச்சான் சண்டை போட்டாரா?"

ஃபோர்மேன் சிரித்தார். "அவன் வாயத் திறக்கலம்மா. அதான் எனக்கே ஆச்சரியம். அஞ்சு நிமிஷம் ஓவர்டைம் விட்டுப்போனா ஆபீசையே ரெண்டாக்கிடுவான்."

சர்வேயரம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எல்லாரையும் உங்க ஷெட்டுக்குக் கூப்பிடுங்க. அந்தப் பொண்ணையும்."

பதினொன்றரைக்கு ஷெட்டில் எல்லோரும் கூடினார்கள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பெரியவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மச்சான் கதவோரம். பெட்டிக்காரி ஃபோர்மேனின் மேசைக்கு அந்தப் பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

சர்வேயரம்மா துண்டுச் சீட்டு வைத்த பக்கங்களை மேசையில் விரித்தார். "என்னங்க, உங்க படத்தைக் காட்டுங்க. மூத்தவள் பாரத்தை எந்தப் பக்கம் கொண்டுபோறா?"

"இடப்பக்கம்," என்றார் வாத்தியார், நோட்டைப் பார்த்து. "லாரி அங்கதான் நிக்கும். இளையவள் வலப்பக்கம். அவளுக்கு இடப்பக்கம் சுவர்."

"பெட்டியும் ஆறு வாரம் அப்படித்தான் சொல்லுது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும், இளையவள் இடப்பக்கம் திரும்ப ஆரம்பிக்கிறா. மூத்தவள் வலப்பக்கம். விபத்து நடந்த நிமிஷம் வரைக்கும் அப்படியே."

"சுவரை இடிச்சுக்கிட்டா திரும்பினா?" என்றார் மேலாளர்.

"மெஷின் இடம் மாறல. மாறினது பெட்டி. அந்த அரை மணி நேரத்துல யாரோ ரெண்டையும் கழட்டி மாத்தி மாட்டியிருக்காங்க. மூத்தவளோட கியர்பாக்ஸ் மூணு வாரமா நடுங்கினது நிஜம். அவ வயித்துல இருந்த பெட்டி அதைச் சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. நீங்க அதை இளையவள் பேர்ல படிச்சீங்க."

பெட்டிக்காரி பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா நம்பர் சரியா இருந்துச்சே," என்றார் மெக்கானிக்.

"நீங்க நம்பர் படிக்கிறதுக்கு முன்னாடியே, விபத்தன்னிக்குச் சாயங்காலம் எல்லாரும் டிரைவரோட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப, திரும்ப மாத்திட்டாங்க. மூத்தவளோட மஞ்சள் கோடு விலகினதுக்கு நீங்க காரணம். யாரும் தொடாத இளையவளோட கோடு ஏன் விலகணும்?"

"யாரு?" மேலாளரின் குரல் உயர்ந்தது.

"கேன்டீன்ல ஒரு மனுஷனோட மெஷினுக்கு, அவர் செய்யாத குத்தம் மூணு வாரமா சிவப்பு வட்டத்துல தொங்கியிருக்கு. அவர் வாயே திறக்கல. சும்மா நின்ன அந்த நேரம் யாரோடதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

யாரும் கதவோரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மச்சானே முன்னால் வந்தான்.

"அத்தானுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கை மரத்துப்போகும்மா. லீவரை விட்டுட்டுக் கொஞ்ச நேரம் உதறினாத்தான் சரியாகும். பட்டியல் போட்டதும் அவரை மெஷினை விட்டே இறக்கிடுவாங்கன்னு பயந்துட்டேன். நான் ஏச்சு வாங்கினா வாங்கிட்டுப் போறேன்னு மாத்தினேன். அந்தப் பெட்டி நம்ம சும்மா நிக்கிறதைத்தான் எண்ணுதுன்னு நெனச்சேன். கியர்பாக்ஸைப் பார்க்குதுன்னு எங்ககிட்ட யாரும் சொல்லல."

"உங்க மெஷின்ல அலாரம் அடிக்குதுன்னு ரெண்டு தடவை பிரிச்சாங்களே, அப்பவுமா தெரியல?" பெட்டிக்காரி கேட்டாள். கேள்வியில் கோபம் தெறித்தது.

"பெட்டி கெட்டுப்போச்சுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. லாரி நசுங்கினப்பதான் உறைச்சுது. பயத்துல திரும்ப மாட்டிட்டேன்."

"மாட்டிட்டு நாலு நாள் சும்மா இருந்தீங்க. அந்த நாலு நாளும் நான் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பெரியவர் எழுந்தார். தன் வலது கையை விரித்து, வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"சிவப்பு வட்டம் என் மெஷினை விட்டுப் போனதும் ஃபோர்மேன் இரக்கப்பட்டுட்டார்னு நெனச்சேன்," என்றார். "கை இப்படி ஆகுதுன்னு நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். லாரியில இருந்தவன் என்னை அண்ணேன்னு கூப்பிடுறவன்." மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

காலையிலிருந்து கழுத்தைப் பிடிக்க ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்த வாத்தியார், கிடைத்த ஆளைப் பார்க்க முடியாமல் நோட்டை மூடினார்.

"நான் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுப்பேன்," என்றார் சர்வேயரம்மா மேலாளரிடம். "இவர் செஞ்சது தப்பு, அது இருக்கும். மெஷினைக் காப்பாத்த வந்த பெட்டியை வச்சு மனுஷங்களுக்கு வட்டம் போட்டது யாருன்னும் இருக்கும்."

மேலாளர் மேசையில் விரித்த பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மச்சானிடம், விசாரணை முடியும் வரை எந்திரம் ஓட்டக்கூடாது, பட்டறையில் வேலை பார் என்றார். ஃபோர்மேனிடம் பலகையிலிருந்து பட்டியலைக் கழற்றச் சொன்னார். பெட்டிக்காரியைப் பார்த்து, "எட்டுப் பெட்டியும் இருக்கட்டும்," என்றார். மன்னிப்பு கேட்க அவருக்கு வரவில்லை, ஆனால் கைக்கடிகாரத்தை அதற்கப்புறம் பார்க்கவில்லை.

"உன் பெட்டி பொய் சொல்லலம்மா," என்றார் சர்வேயரம்மா. "நீயும் தப்பா பொருத்தல."

பெட்டிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் ஸ்பேனரைக் கேட்டாள்.

ஒரு மணிக்கு இளையவளின் வயிற்றுக்குள் ஐந்து பேர் நெருக்கியடித்து நின்றார்கள். பெட்டிக்காரி ஒவ்வொரு ஒயராகத் தொட்டு, இது பம்புக்கு, இது கியருக்கு, இது இப்படிக் காட்டினால் இன்ன அர்த்தம் என்று பெரியவருக்கும் மச்சானுக்கும் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், என்னை யாரும் உங்களிடம் விடவில்லை, நானும் கேட்கவில்லை என்றாள். பிறகு நான்கு போல்ட்டுகளையும் புதிதாக இறுக்கி, பழைய பெயிண்டைச் சுரண்டினாள்.

மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, தூரிகையை மச்சானிடம் நீட்டினாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"நீங்க போடுங்க கோட்டை."

அவன் அத்தானைப் பார்த்தான். பிறகு மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதல் போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரை கோட்டை இழுத்தான். அது கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. பெட்டிக்காரி குனிந்து பார்த்தாள்.

"பரவால்ல. அடுத்தது," என்றாள்.