ஊதாக் கோடு

அறையில் மீன் வாசனை இல்லை என்பதைக் கன்னியம்மா மத்தியானத்துக்கு மேல்தான் கவனித்தாள். காசிமேட்டுக் குப்பத்தில் அப்படி ஒரு வீடு கிடையாது. மூலையில் வலை கிடந்தது, கூடை கவிழ்ந்து கிடந்தது, மூன்று நாளாய் விடாத கார்த்திகை மழையில் ஓலையும் மண்சுவரும் ஊறிப்போயிருந்தன. அத்தனை வாசனையையும் விழுங்கிக்கொண்டு வேறொன்று, லேசாக இனித்து, பாயிலிருந்து எழுந்து வந்தது. மீன் கடலைவிட்டு வந்து எத்தனை நாழிகை ஆயிற்று என்று மூக்காலேயே சொல்லிவிடுகிறவள் அவள். இதற்கு அவளால் சொல்ல முடியவில்லை.

பாயில் அவள் புருஷன் தாமோதரன் படுத்திருந்தான். ஐந்து நாளுக்கு முன் வலையை உதறும்போது கெளுத்தி மீனின் முள் அவன் கணுக்காலுக்கு மேல் ஏறியது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள். மறுநாள் கால் வீங்கிச் சிவந்து பளபளத்தது. தொட்டால் சுட்டது. ராயபுரத்து டாக்டர், யுத்தத்துக்குப் பிறகு வந்திருக்கும் பென்சிலின் ஊசியை இரண்டு வேளையும் போட வேண்டும் என்றார். பிறகு, ஈரம் பட்டால் ஊதாவாகும் பென்சிலால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, சிவப்பு முடிகிற இடத்தில் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். சிவப்பு கோட்டைத் தாண்டினால் மருந்து தோற்கிறது என்று அர்த்தம். அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், காலை எடுத்தாவது உயிரைக் காப்பாற்றப் பார்ப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் விடிவதற்குள் சிவப்பு தாண்டிவிட்டது. அவளுக்கு முன்பே தாமோதரன் அதைப் பார்த்திருந்தான்.

“ஒத்தக் காலோட என்ன எவன்டி கட்டுமரத்துல ஏத்துவான்? அந்தக் கோட்ட அயிச்சிட்டு மேல போடு.”

அழுதாள். மாட்டேன் என்றாள். பிறகு கடைக்குப் போய் அதே மாதிரிப் பென்சில் வாங்கி வந்தாள். நேற்றைய மீனின் செவுளில் இன்றைய ரத்தத்தைத் தடவி அவள் எத்தனையோ முறை விற்றிருக்கிறாள். வாங்கியவர்கள் யாரும் செத்துவிடவில்லை. இதுவும் ஒரு நாள் தாங்கட்டும், அதற்குள் மருந்து ஜெயித்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஊசி போட வீட்டுக்கு வரும் கம்பவுண்டர் பக்தவச்சலம், டாக்டர் போட்ட கோட்டைப் பார்த்ததில்லை. அவள் போட்டதைத்தான் பார்த்தார். சிவப்பு தாண்டவில்லை என்று சந்தோஷப்பட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும், கெயவனுக்கு மீன் கண்ணு, தொறந்துகினேதான் கீது, ஒண்ணும் தெரியாது என்று தாமோதரன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு இரண்டு முறை கோடு ஏறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு விரல்கடைதான். இப்போது முழங்காலுக்கு மேல் நின்றது. யாரை ஏமாற்றுகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டாள், கேட்டுக்கொண்டே போட்டாள்.

இரவும் பகலும் முனகிக்கொண்டிருந்தவன் முனகவில்லை. அதுவும் இப்போதுதான் உறைத்தது. கூரையிலிருந்து பானைக்குள் சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

“கன்னி, நோவு போயிட்ச்சி.”

முகம் தெளிந்திருந்தது. கஞ்சி கேட்டான். கருவாடு சுடச் சொன்னான். மழை விட்டதும் கடலுக்குப் போக வேண்டும் என்றான். அவள் நெஞ்சு ஒரு கணம் பொங்கியது. மருந்து ஜெயித்துவிட்டது. போர்வையை விலக்கினாள்.

கால் சுடவில்லை. ஜில்லென்றிருந்தது. சிவப்புக்கு நடுவே சாம்பல் நிறத் திட்டுகள். கணவாய் மீனின் தோல் மாதிரி. ஒன்றை விரலால் அழுத்தினாள். உள்ளே நறநறவென்றது. ஈர உப்பை மிதித்தாற்போல.

மறுபடி அழுத்தினாள். மறுபடி நறநறத்தது.

அவன் கருவாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

சந்து முனையில் சைக்கிள் மணி.

“வந்துட்டாரு. சீக்கிரம் போடு.”

சிவப்பு தாண்டியிருந்தது. தொடை நடுவரைக்கும். சொல்லிவிட வேண்டும். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும். வாசலுக்கு ஓடி, அவர் காலில் விழுந்து, எல்லாவற்றையும். நாக்கு எழவில்லை. கை எழுந்தது. துணியை நனைத்தது.

அழுத்தாமல்தான் துடைத்தாள்.

துணி வழுக்கிக்கொண்டு போனது. தடையே இல்லை. அதன் கூடவே ஏதோ வந்தது.

துணியைத் திருப்பிப் பார்த்தாள். கோடு அதில் இருந்தது. அழியவில்லை. தோலோடு. முடிகளோடு.

வாசலில் சைக்கிளைச் சாத்தும் சத்தம். தாமோதரன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். முகத்தில் அதே சிரிப்பு.

“இன்னாடி,” என்றான், “அயிச்சிட்டியா?”