ஐந்து ஐம்பதுக்கு வரும் பதிவு

உட்துறைமுக வீதியில் இருந்த அந்தப் பழைய வீட்டுக்குள் ஒரு விளம்பரக் கம்பனி நடக்கிறது என்று வெளியில் நின்று பார்த்து யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு ஆள் உயரக் கதவுகள். உப்புக் காற்றில் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். முற்றத்தில் யாரும் கூட்டாத வாதுமை இலைகள். ஏப்ரல் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், கிண்ணியா பஸ்ஸால் இறங்கி, சாப்பாட்டுப் பெட்டியும் குடையுமாக அதன் வாசலில் போய் நின்றேன்.

மூன்று மாதம் வைத்துப் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரக் கடிதம் தருவார்கள். கடிதம் கிடைக்காவிட்டால் ஜூலையில் சின்னம்மா முறையான சாச்சியின் தையல் கடைக்குப் போகவேண்டும் என்று வாப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். சமூக ஊடகச் சந்தைப்படுத்தல் படித்த பிள்ளைக்குப் பொத்தான் தைக்கத் தெரியுமா என்று சாச்சி முன்கூட்டியே சிரித்தும் விட்டாள்.

கம்பனியின் சொந்தக்காரர் நஸ்ரி. அண்ணன் முறை வைத்து எல்லாரும் நானா என்போம். முப்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போதும் போனைத்தான் பார்ப்பார்.

"சுஹைரா தங்கச்சி, அந்தச் சன்னலோரத்துக் கதிரை உங்களுக்கு. நிலாவெளியில திமிங்கிலம் பாக்கப் படகு விடுற ஆக்களின்ட பேஸ்புக் பக்கம் உங்கட பொறுப்பு. பக்கம் ஒரு நாளும் சும்மா கிடக்கப்படாது. நான் நித்திரையால எழும்பக்குள்ள போஸ்ட் இருக்கோணும்."

அவர் போன பிறகு, பக்கத்து மேசையில் படங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்த கிருஷாந்தன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினான்.

"பயப்பிடாதேங்கோ. பொஸ் நேரில கடிக்கமாட்டார். வட்சப்பிலதான் கடிப்பார்."

அன்று இரண்டு மணித்தியாலம் யோசித்து ஒரு பதிவு எழுதினேன். மாலைக்குள் பதினான்கு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். ஒருவன் என் தம்பி. இன்னொருத்தி நான்.

மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு என் போன் அதிர்ந்தது. படகுப் பக்கத்தில் புதிதாக ஒரு பதிவு வந்திருந்தது.

'கடல் இன்றைக்கு வாழையிலை மாதிரி விரிந்து கிடக்கிறது. கரையிலிருந்து நாற்பது நிமிடம்தான். அவை மூச்சு விடும் சத்தம் முதலில் கேட்கும். பிறகுதான் முதுகு தெரியும்.'

ஒன்பது மணிக்குள் இரண்டாயிரம் பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். உட்பெட்டி நிறைய, இடம் இருக்கிறதா என்று கேள்விகள்.

நான் அதை எழுதவில்லை. ஒவ்வொரு பதிவின் கீழும் அதை வெளியிட்டவரின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். பக்கத்தை நிர்வகிப்பவர்களுக்கு மட்டுமே அது தெரியும். அதில் 'நிருஜா' என்றிருந்தது.

"ஆர் நிருஜா?" என்று கிருஷாந்தனிடம் கேட்டேன்.

"உங்களுக்கு முதல் அந்தக் கதிரையில இருந்தவ."

"இப்ப எங்க வேலை செய்றா?"

"மாசி மாசம் செத்திட்டா. டெங்கு. பத்தே நாள்." பிறகு மேசையைப் பார்த்தபடி, "முன்கூட்டியே எழுதி, நாளும் நேரமும் குறிச்சு வைச்சிருப்பா. அது தானா வெளியாகுது. செத்தும் எங்களைவிட நல்லா வேலை செய்றா" என்றான். சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

குறித்துவைத்த பதிவுகளின் பட்டியலைத் திறந்தேன். ஒரு நாளைக்கு ஒன்றாக நாற்பது பதிவுகள் வரிசையில் நின்றன. எல்லாவற்றுக்கும் காலை ஐந்து ஐம்பது.

இறந்தவரின் பெயரை நிர்வாகிகள் பட்டியலிலிருந்து நீக்குவதுதான் எங்கள் தொழிலில் முறை. நீக்கினால் அவர் குறித்துவைத்த பதிவுகளும் கூடவே அழிந்துபோகும். நான் அந்தப் பொத்தானை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பட்டியலை மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நஸ்ரி நானா என் மேசைக்கே வந்தார். "படகெல்லாம் நிறைஞ்சு போகுதாம். சூப்பர் தங்கச்சி. உங்கட எழுத்துத்தானே?"

கிருஷாந்தன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஓம் நானா" என்றேன்.

அதன் பிறகு எனக்கு நிம்மதியான நித்திரை இல்லை. ஐந்தே முக்காலுக்குத் தானாகவே கண் விழிக்கும். ஐந்து ஐம்பது வரும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு பாயில் இருப்பேன். பதிவு வந்ததும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பேன். பஸ்ஸில் பார்ப்பேன். பஸ் பாலத்தைக் கடக்கும்போதும் பார்ப்பேன். "கோப்பையைப் பாத்துச் சோத்தைத் தின்னு" என்று உம்மா ஏசும்போதும் மேசைக்குக் கீழே பார்ப்பேன்.

மே மாத நடுவில் ஒரு நாள் அந்தப் பட்டியலை எண்ணிப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேலாக நாளுக்கு ஒன்று வெளியாகியிருந்தது. மிச்சம் ஏழோ எட்டோ இருக்கவேண்டும்.

நாற்பது இருந்தது.

பிழையாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினேன்.

நாற்பதுதான்.

முதலாவதாக நின்ற பதிவைத் திறந்தேன். 'கண்டியிலிருந்து வரும் குட்டி மகளே, அந்தச் சிவப்புத் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வை. காற்று எடுத்துக்கொண்டு போய்விடும்.'

கண்டியிலிருந்து ஒரு குடும்பம் முந்தின நாள் பின்னேரம்தான் உட்பெட்டியில் எழுதிப் படகில் இடம் பிடித்திருந்தது. தொப்பியைப் பற்றி அவர்கள் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாள் மதியம் படகில் எடுத்த படங்கள் வந்தன. ஒரு சின்னப் பிள்ளை தாயின் மடியில் இருந்தது. திறந்திருந்த பையின் வாயில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

அப்போது வெயில் உச்சியில் நின்றது. வீதியில் ஐஸ்கிறீம் வானின் பாட்டுக் கேட்டது. சன்னலுக்கு வெளியே துறைமுகத் தண்ணீர் தகடு மாதிரி மின்னியது. அந்த வெளிச்சத்திலும் நான் எழும்பிப்போய் அறை விளக்கைப் போட்டேன்.

ஜூன் மாதம் பிறந்து இரண்டாவது வாரத்தில் ஒரு அம்மா வந்தார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு துணிப்பை. கதவுக்குள் ஒரு காலை வைத்தபடி நின்றார்.

"நான் சாம்பல்தீவால வாறன். இலட்சுமி. நிருஜாவின்ர அம்மா."

என் கதிரையை இழுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார். இருக்கவில்லை. பைக்குள்ளிருந்து துவாயில் சுற்றிய ஒரு போனை எடுத்து மேசையில் வைத்தார். திரை வெடித்திருந்தது.

"இது பிள்ளையின்ர போன். சிம்மைக் கழட்டிப் போட்டன். சார்ஜ் போட்டு நாலு மாசம். அலுமாரிக்குள்ள பூட்டித்தான் வைச்சிருக்கிறன். எண்டாலும் விடியப்புறம், ஆறு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கக்குள்ள, போன் சுடுது."

நான் அந்த வெடித்த திரையைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஆசுப்பத்திரியில சேலைன் ஏத்தின கையால எழுதினவள். உங்கட முதலாளிப் பொடியன் இண்டைக்குப் போஸ்ட் எங்க, போஸ்ட் எங்க எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவன். போடுறன் நானா, போடுறன் நானா எண்டாள். கண் செருகிக் கிடக்கக்குள்ளயும் விரல் ஆடினது, பிள்ளை. போர்வையில எழுதினவள்."

"அம்மா…"

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்தாச்சு. இன்னும் வேலைக்குப் போறாள்." அவருடைய குரல் உயரவேயில்லை. "அவளை வேலையால நிப்பாட்டிவிடுங்கோ. உங்களால ஏலும் எண்டு அந்தத் தம்பி சொன்னவர்."

கிருஷாந்தன் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏலும் என்று எனக்கும் தெரியும். ஒரே ஒரு பொத்தான். ஆனால் கடிதத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"செய்றன் அம்மா. இந்த மாசம் முடியட்டும்."

அவர் போனை மறுபடி துவாயில் சுற்றினார். ஒரு குழந்தையைச் சுற்றுவது போல மெதுவாகச் சுற்றினார். "அவளும் இதைத்தான் சொன்னவள். காய்ச்சலோட வேலைக்குப் போகாத எண்டு சொன்னன். இந்த மாசம் முடியட்டும் அம்மா எண்டாள்."

அவர் போன பிறகு கிருஷாந்தன் என்னோடு கதைக்கவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும்.

ஜூன் மாதக் கடைசிப் புதன்கிழமை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று காலையிலிருந்தே அடித்தது. புழுதி வருகிறதென்று சன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தோம். கிருஷாந்தன் படம் எடுக்க நிலாவெளிக்குப் போயிருந்தான். நஸ்ரி நானா கொழும்பில். காலையில் அவர் அனுப்பிய செய்தி என் போனில் இருந்தது: 'வெள்ளிக்கிழமை வாறன். உங்கட கடிதம் ரெடி. இதே மாதிரி போகட்டும்.'

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.

விசிறி சுற்றி, தளர்ந்து, நின்றது. பகல் மூன்று மணிக்கு அந்த அறை கிணறு மாதிரி இருண்டு போனது. இன்ரநெற் பெட்டியின் பச்சை விளக்கும் அணைந்தது. என் மடிக்கணினியின் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

டெட்டோல் மணந்தது.

பிறகு அதற்கு அடியில் இன்னொரு மணம். ஆஸ்பத்திரி வார்டுகளில் வருமே, வியர்வையும் பழைய பஞ்சும் கலந்த மணம்.

என் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

பட்டியலில் புதிதாக ஒரு பெட்டி திறந்தது. அதற்குள் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'நானா இண்டைக்கு ஏலாம இருக்கு'

அழிந்தது.

'போட்டிட்டன் நானா'

அழிந்தது.

காற்று கதவை ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்தது. எழுத்து வரும் இடத்தில் துடிக்கும் கோடு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு மெதுவாக, விரல் நோகிறவர் எழுதுவது போல:

'சுஹைரா எனக்கு லீவு தருவீங்களா'

நான் திரையைப் பார்த்துத்தான் பேசினேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கோ" என்றேன். "இன்னும் ரெண்டே நாள்."

கோடு மறுபடி அசைந்தது.

'சரி. போடுறன்.'

அதன் கீழே அடுத்த நாளைக்கான பதிவு தொடங்கியது. 'கடல் இன்றைக்கு…' என்று வந்தது. நின்றது. இரண்டு எழுத்து. மறுபடி நின்றது. மூச்சு எடுக்க நிற்பது போல நின்று, மறுபடி எழுதியது.

அவள் கோபப்பட்டிருந்தால் நான் ஓடியிருப்பேன். வாசலால் பாய்ந்து, செருப்பில்லாமல் பஸ் நிலையம்வரை ஓடியிருப்பேன். அந்தச் 'சரி'யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போனின் டேட்டாவைப் போட்டேன். நிர்வாகிகள் பட்டியலைத் திறந்தேன். விரல் இரண்டு தரம் பிழையான இடத்தில் பட்டது. மூன்றாம் தரம் சரியாகப் பட்டது.

நிருஜாவை நீக்கவா?

ஓம்.

நாற்பது பதிவுகளும் ஒரேயடியாக மறைந்தன. எழுதிக்கொண்டிருந்ததும் பாதியில் போய்விட்டது. டெட்டோல் மணம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, புழுதி மணம் மட்டும் மிஞ்சியது.

கிருஷாந்தனுக்குச் செய்தி அனுப்பிப் போன் இலக்கத்தை வாங்கி, அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு இலட்சுமி அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"கையிலதான் வைச்சிருக்கிறன் பிள்ளை" என்றார். "குளிர்ந்து கிடக்கு." பிறகு நெடுநேரம் அழுதார். நானும் அழுதேன்.

அன்று நான் எழுதிய பதிவுக்குப் பத்தொன்பது விருப்பங்கள். வெள்ளிக்கிழமை பதினொன்று. நஸ்ரி நானா கடிதத்தைக் கொண்டுவந்துதான் இருந்தார். மேசையில் வைக்கவில்லை.

"ரெண்டு நாளா என்ன நடந்தது தங்கச்சி? படகுக்காரர் எனக்கு ஏசுறாங்க."

"முந்தி வந்த போஸ்ட் ஒண்டும் நான் எழுதினது இல்ல நானா. நிருஜா எழுதினது. நான் அவவை எடுத்துவிட்டன்."

அவர் முதல் தடவையாகப் போனைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. "இப்பிடி ஆக்களை வைச்சு எனக்கு வேலை செய்ய ஏலாது" என்று மட்டும் சொன்னார்.

வாசல்வரை கிருஷாந்தன் என் குடையைக் கொண்டுவந்து தந்தான்.

சாச்சியின் கடையில் நான் பொத்தான் தைக்கப் பழகிவிட்டேன். காலையில் ஏழு மணிவரை நித்திரை கொள்கிறேன். சோற்றைப் பார்த்துத் தின்கிறேன். ஜூலை இருபதாம் திகதி பின்னேரம், உம்மாவுக்கு முடியாதென்று ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. தம்பி வந்து அழைப்பை எடுத்து, சத்தத்தைக் கூட்டி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

"சுஹைரா ராத்தாவா? என்ட பேர் றுமானா. நஸ்ரி நானாட கம்பனியில புதுசாச் சேர்ந்திருக்கன்." சின்னப் பிள்ளையின் குரல். தயங்கித் தயங்கிப் பேசினாள். "உங்கட பேரை இன்னும் பக்கத்தில இருந்து எடுக்கல்ல. பெரிய உபகாரம் ராத்தா. உங்கட போஸ்டாலதான் படகெல்லாம் நிறையுது."

"என்ட போஸ்டா?"

"ஓம். விடியக்கால போஸ்ட். எப்பிடி ராத்தா வீட்ட இருந்துகொண்டு ஒரு நாளும் தவறாமப் போடுறீங்க?"

குசினிக்குள் அடுப்பு மட்டும் சடசடவென்றது.

"நான் ஒண்டும் போடல்ல தங்கச்சி" என்றேன்.

"பகிடி விடாதீங்க ராத்தா." அவள் சிரித்தாள். "இப்பவும் எழுதிக்கொண்டுதானே இருக்கீங்க? நாளைக்குரிய பெட்டி திறந்திருக்கு. உங்கட பேர்தான் போட்டிருக்கு. இந்தா, எழுத்து ஒவ்வொண்டா வருது."

நான் குனிந்து பார்த்தேன். என் கைகள் இரண்டும் மணிக்கட்டுவரை மாவுக்குள் இருந்தன. நான் அசைக்கவில்லை. மாவுக்கு அடியில் பத்து விரல்களும் அசைந்துகொண்டிருந்தன.