எல்லைக்குள் வந்த பள்ளம்

“ஏனுங்க அம்மணி, எங்களுது எந்த ஊடுங்க?”

அந்தப் பெண் அப்படித்தான் கேட்டாள். இன்னார் வீடு எது என்று கேட்டிருந்தால் நாச்சியம்மாள் கையை நீட்டிக் காட்டிவிட்டு அடுத்த குடத்தைக் குழாயடியில் வைத்திருப்பாள். எங்களுடையது எந்த வீடு என்று யாராவது அடுத்தவரிடம் கேட்பார்களா? பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிழக்கே பள்ளத்திலிருந்து ஏறிவரும் மண்பாதையில், சேலைத் தலைப்பை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தாள் அவள். மனை பார்க்க வந்து கூட்டத்தைத் தவறவிட்டவளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் நாச்சியம்மாள். காற்று அவள் பக்கமிருந்து வீசியது. அதில் நனைந்த சாம்பலின் வாடை இருந்தது.

“தெரியலீங்களே. மொதல்ல ஊட்டுக்கு வாங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு விசாரிச்சுக்கலாம்.”

வழியில் நிற்கிற யாரையும் அப்படிச் சொல்லாமல் அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

“வாரேனுங்க” என்றாள் அந்தப் பெண்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது பாதையில் யாரும் இல்லை. புது ஆள் யார் வந்தாலும் தெருமுனை வரை விரட்டுகிற செவலை நாய் மட்டும், குரைக்காமல், வாலை ஆட்டியபடி, யாருடனோ சேர்ந்து நடப்பதுபோல் மெதுவாக அவள் வீட்டு வாசல் வரைக்கும் போனது. போய், நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து நாச்சியம்மாளுக்கு வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

வேலங்காட்டுப்புதூர் கோயமுத்தூரோடு சேரப்போகிறது என்ற பேச்சு இரண்டு வருசமாகவே இருந்தது. அந்தக் கோடையில் மாநகராட்சி ஆட்கள் வந்து பள்ளத்துக்கும் அப்பால் மஞ்சள் சாயம் அடித்த கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். காந்திபுரத்தில் ஆபீஸ் வைத்திருந்த சீனிவாசலு பள்ளம் முழுவதையும் வாங்கி, புல்டோசர் விட்டு மேடுதட்டி, மனை பிரித்து, வெள்ளைக்கல் ஊன்றினார். அவருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் நாச்சியம்மாளின் புருசன் நஞ்சுண்டன்.

மாரியம்மன் நோம்பிக்கு முதல்நாள் ஊரெல்லையைக் கட்டுவது வழக்கம். ஆட்டு ரத்தம் பிசைந்த சோற்றை ஆண்கள் கூடையில் எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி ஓடுவார்கள். மூலைக்கு மூலை ஒரு கவளம் எறிவார்கள். உள்ளே இருப்பது உள்ளே, வெளியே இருப்பது வெளியே. கிழக்குப்பக்கம் அந்த ஓட்டம் நாச்சியம்மாள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் கல்லோடு திரும்பிவிடும். பள்ளத்தில் யாரும் கால் வைப்பதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் பிளேக் வந்தபோது, அக்குளில் கட்டி புடைத்து நோவு கண்டவர்களை அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்களாம். அதற்கு மேல் யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

இந்த வருசம் கோயில் கூட்டத்தில் நஞ்சுண்டன் எழுந்து நின்றான். “கார்ப்பரேசன் எல்லையே பள்ளத்தைத் தாண்டிப் போயிருச்சுங்க. நாம பழைய கல்லோட திரும்பிட்டா, ஊரே ஒதுக்கி வெச்ச எடம்னு மனை வாங்க வாரவன் மூஞ்சியத் திருப்பிக்குவானுங்க. சோத்தை மஞ்சக்கல்லு ஓரமா எறிஞ்சுபோட்டா சோலி முடிஞ்சுது.”

எல்லோருடைய காடுதோட்டத்துக்கும் விலை ஏறியிருந்த நேரம். பூசாரி ஒருமுறை கனைத்தார். அவ்வளவுதான். சோற்றுக்கூடை பள்ளத்தைச் சுற்றி ஓடியது.

குழாயடிப் பெண் வந்தது அதற்கு மறுநாள்.

“என்ன நாச்சியா, கார்ப்பரேசன்காரி ஆயிட்ட, இன்னும் சாணி அள்ளீட்டு இருக்கற?” என்று சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள். “இனி உன்ற எருமைக்கும் வரி போடுவானாக்கும்.”

“போட்டா ஓட்டீட்டுப் போயி உங்கூட்டு வாசல்ல கட்டிப்போடறேன்க்கா. ஏனுங்க்கா, சாயங்காலமானா பள்ளத்துல ஆளுக தெரியறாங்களே, பாத்தீங்களா?”

“மனை பாக்கறவங்களா இருக்கும்.”

“மனை பாக்கறவங்க பள்ளத்தப் பாப்பாங்க. இவுங்க நம்மூரப் பாக்கறாங்க.”

குழந்தையம்மாள் சிரிக்கவில்லை. அன்று மாலையே சென்னிமலையில் மகள் வீட்டுக்கு என்று துணிமூட்டையோடு பஸ் ஏறிவிட்டாள்; அடுத்தடுத்த வீடுகளும் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன.

கொட்டகைக் கல்லருகே நின்றால் பள்ளம் முழுக்கத் தெரியும். வெளிச்சம் மங்கி, வெள்ளைக்கற்கள் மட்டும் துலக்கமாகத் தெரிகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நாச்சியம்மாள் பார்த்தாள். ஒவ்வொரு மனைக்கல்லின்மீதும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆண்கள், பெண்கள், மடியில் குழந்தையோடு சிலர். எல்லோரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப்போல, ஊரைப் பார்த்தபடி. மறுநாள் பார்த்தபோது பாதிக் கற்களில் ஆள் இல்லை. அதற்கு மறுநாள் எந்தக் கல்லிலும் ஆள் இல்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

வீட்டுக்குள் சாம்பல் வாடை வந்திருந்தது. அடுப்பைக் கழுவினாள், பரணை உதறினாள், வேப்பந்தழையைப் போட்டுப் புகை மூட்டினாள். புகை அடங்கியதும் வாடை மறுபடி வந்தது. அடுக்களையில் இருந்தால் உள்ளறையில் யாரோ பாயை விரிக்கும் சத்தம் கேட்டது. உள்ளறைக்கு வந்தால் அடுக்களையில் சொம்பு மெல்ல வைக்கப்படும் சத்தம் கேட்டது. திருட்டுச் சத்தம் இல்லை அது. விருந்துக்கு வந்தவர்கள் வீட்டாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கூசிக் கூசி நடமாடுவதுபோல ஒரு சத்தம்.

“திலகா, தனியா யார்கூடக் கண்ணு பேசற?” என்று மகளைக் கேட்டாள்.

“அந்த அக்காகூடம்மா. அவுங்களுக்குக் கையத் தூக்க முடியாதாம். நான்தான் தலை சீவி உட்டேன்.”

சீப்பில் சாம்பல் ஒட்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம் திலகாவுக்கு உடம்பு கொதித்தது. ஆறு வயதுக் குழந்தை, பாயில் துணிபோலக் கிடந்தாள். நாச்சியம்மாள் ரசாக் கடைக்கு ஓடினாள். ஊரில் போன் இருந்தது அங்கே மட்டும்தான். சீனிவாசலு ஆபீசில் நஞ்சுண்டன் இருந்தான்.

“மாமா, பாப்பாவுக்குக் காச்சல். கண்ணே தொறக்க மாட்டீங்கறா. வண்டி எடுத்துட்டு ஒடனே வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகோணும். அப்படியே வெள்ளகோவில்ல எங்கம்மா ஊட்ல கொண்டுபோயி உட்டுருங்க. இந்த ஊட்ல இருக்க வேண்டாம்.”

“அழுகாத அம்மணி. பார்ட்டி ஒருத்தர் உக்காந்திருக்கார். அனுப்பீட்டு வந்தர்றேன்.”

ரசாக் போனை வாங்கி வைத்தார். “ஏம்மா, உங்கூட்டுக்கு ஒறம்பரை நெறையா வந்திருக்காங்களாட்ட? காத்தால இருந்து ஆளுக உள்ள போயிட்டே இருக்காங்களே.”

அவள் வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். ஓடினாள்.

மூலைக்கு மூலை தேடினாள். யாரும் இல்லை. வாசலுக்கும் பாய்க்குமாக நடந்தாள். ஈரத்துணி மாற்றினாள். மீண்டும் வாசல். நஞ்சுண்டனைக் காணோம். ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. சூரியன் இறங்கியது. விளக்கைப் போட்டாள். கரண்டு போயிற்று.

இருட்டில் திலகாவை அள்ளித் தோளில் போட்டாள். இனி காத்திருக்க முடியாது. நடந்தாவது மெயின் ரோட்டுக்குப் போய்விடலாம். தூக்கும்போது குழந்தையின் அக்குளில் விரல் பட்டது. அங்கே என்னவோ கெட்டியாக இருந்தது. கோழிமுட்டை அளவுக்கு.

கதவை நோக்கி ஓரடி வைத்தாள். கால் எதன்மீதோ இடித்தது.

முழங்கால்.

இன்னோர் அடி. அங்கேயும் ஒரு முழங்கால். குளிர்ந்திருந்தது. யாரோ மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டார்கள். ஆனால் வழி விடவில்லை. விட இடம் இல்லை. சுவரிலிருந்து சுவர் வரை மூச்சு. மூச்சு இல்லை, மூச்சு போன்ற ஒன்று. சாம்பல் வாடை.

“உக்காருங்க அம்மணி.” குழாயடியில் கேட்ட குரல். மிகவும் பக்கத்தில். “கொழந்தையோட எத்தன நேரம் நிப்பீங்க. உங்கூட்டுக்காரர் வந்துருவாருங்க.”

“வழி உடுங்க” என்றாள். “சாமி, வழி உடுங்க. கொழந்த.”

“எங்களுக்கும் கொழந்தைங்க.”

பக்கத்து வீட்டிலும் பேச்சுக்குரல் கேட்டது. அதற்கடுத்த வீட்டிலும். பூட்டிய வீடுகள். தெரு முழுக்க, தணிந்த குரலில், மரியாதையாக, சாப்பாடு ஆச்சா என்று ஒருவரை ஒருவர் விசாரிக்கும் சத்தம்.

அவள் கை வலித்தது. குழந்தையின் கனம் என்று நினைத்தாள். இல்லை. தோளுக்குக் கீழே, உள்ளே, முடிச்சு விழுந்தாற்போல ஒரு வலி.

அப்போது நஞ்சுண்டனின் எம்-எய்ட்டி வண்டி வரும் சத்தம் கேட்டது.

வாசலில் வண்டி நின்றது. விளக்கு வெளிச்சம் கதவு வழியாக நேராக உள்ளே விழுந்தது. கூடம் நிறைய அவர்கள். நெருக்கியடித்துக்கொண்டு, முழங்காலோடு முழங்கால் ஒட்ட. வெளிச்சத்துக்குக் கூசி எல்லோரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி முகத்தை மறைக்கப் பார்த்தார்கள். யாருக்கும் கை முழுதாக மேலே வரவில்லை. கழுத்தோரமும் அக்குளிலும் கறுத்துப் புடைத்திருந்தது.

நிலைப்படியில் நஞ்சுண்டன் நின்றான். கையில் ஒரு பை. ரொட்டியும் மாத்திரையும் வாங்கி வந்திருந்தான்.

“மாமா” என்றாள். “என்னைய உட்டுருங்க. பாப்பாவ மட்டும் வாங்கிக்குங்க.”

அவள் திலகாவைத் தலைகளுக்கு மேலாக நீட்டினாள். குழந்தையின் கை தொங்கியது. அக்குள் வெளிச்சத்தில் தெரிந்தது. அவன் பார்த்தான். அவள் தோளைப் பார்த்தான். கூடத்தைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

பையைப் படிக்கு வெளியே, சாய்ந்துவிடாதபடி, சுவரோரமாக வைத்தான். ஒரு கதவைச் சாத்தினான். பிறகு மற்றதை. வெளியே நாதாங்கியில் சங்கிலி விழுந்தது.

கூடத்தில் ஒருவரும் திடுக்கிடவில்லை. பாயில் கொஞ்சம் நகர்ந்து, அவர்கள் இருவருக்கும் இடம் விட்டார்கள்.

நாச்சியம்மாள் சன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பாமல், தள்ளிக்கொண்டே அவன் மேற்கே போனான்.