குளிர்பெட்டியில் ஒரு ஸ்வெட்டர்

எங்கள் கல்லூரியை வெறும் கல்லூரி என்று சொன்னால் இங்கே பலருக்குக் கோபம் வரும். அது ஒரு ஊர். ஹைதராபாத்துக்குள்ளேயே தனியாக ஒரு தபாலாபீஸ், ஒரு பஸ் ஸ்டாப், ஒரு சர்ச், ஒரு தர்கா, பக்கத்தில் இரானி டீக்கடை என்று வைத்துக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறது. அதன் பழைய பெண்கள் ஹாஸ்டலை மியூசியமாக மாற்றியபோது, வந்து சேரும் பொருள்களைப் பாதுகாக்கும் வேலைக்கு என்னை எடுத்தார்கள். நான் ஆக்னஸ், பாளையங்கோட்டைக்காரி. எங்கள் ஊரிலும் தடுக்கி விழுந்தால் கல்லூரிதான்.

செத்துப்போனவர்களின் சாமான்களோடு வேலை செய்கிறவளுக்குப் பேய்ப் பயம் இருந்தால் பிழைப்பு நடக்காது. எனக்குப் பயமெல்லாம் பூச்சிகளிடம்தான். கம்பளியோ பட்டோ எது வந்தாலும் பாலிதீன் பையில் போட்டு, காற்றை எடுத்து ஒட்டி, பின்னறையில் இருக்கும் ஃப்ரீசரில் சில வாரங்கள் வைத்துவிடுவேன். ஐஸ்கிரீம் கடையில் இருக்குமே, மூடியை மேலே தூக்கித் திறக்கிற பெட்டி, அதேதான். உறைகிற குளிரில் பூச்சியும் செத்துப்போகும், முட்டையும் செத்துப்போகும். யார் கொடுத்த பொருளானாலும் இதில் சலுகை கிடையாது.

வெங்கடகிருஷ்ணன் சார் வந்தது ஒரு ஏப்ரல் மத்தியானம். காஞ்சன்பாக்கில் ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. துணிப்பையிலிருந்து மெரூன் நிற ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சாஹித்யாவோடது. வாசல்ல ஹாக்கி டீம் போட்டோ மாட்டியிருக்கேளே, அதுல நடுவுல நிக்கறவ. என் பொண்ணு."

அந்தச் சிரிப்பை தினமும் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் டெங்கு வந்து போய்விட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கல்லூரியின் நிறத்தில், தங்கக் கரையும் முன்பக்கம் பட்டன்களும் வைத்து, அம்மா கையால் பின்னிக்கொடுத்த ஸ்வெட்டர். அதைப் பார்த்துத்தான் டீம் முழுக்க அதே மாதிரி வாங்கிக்கொண்டதாம். மியூசியத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

"வீட்டுல மாமிக்குத் தெரியுமா சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"பட்டுகிட்ட சொல்லலை. நாற்காலி மேல போட்டு வச்சிருக்கா. தினம் கார்த்தால தொட்டுப் பாத்துட்டு, சூடா இருக்கு, இப்பத்தான் கழட்டிப் போட்டிருக்கா குழந்தை அப்படிங்கறா. இது ஆத்துல இருக்கற வரைக்கும் அவ மீளவே மாட்டாம்மா."

கையில் வாங்கினேன். சூடாகத்தான் இருந்தது. ஹைதராபாத் வெயிலில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் எதுதான் சூடாக இருக்காது? பையில் போட்டு ஒட்டி, ஃப்ரீசரில் வைத்து மூடினேன்.

முதலில் சத்தத்தைக் கேட்டவள் நஸ்ரின். மியூசியத்தைச் சுற்றிக் காட்டுகிற பெண். பூர்வீகம் வாணியம்பாடி, பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான்.

"அக்கா, அந்த ஃப்ரீசர்ல எலி இருக்குது."

"ஏட்டி, குளிர்ல எந்த எலி உயிரோட இருக்கும்? மோட்டார் சத்தமா இருக்கும்."

"மோட்டார் இல்ல. நக்கோ அக்கா, வேணவே வேணாம், நான் இனிமே அந்த ரூமுக்குப் போகமாட்டேன்."

சிரித்தேன். அந்தச் சிரிப்பு மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான் நீடித்தது.

கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. ஃப்ரீசரின் உறுமலும் ஒரு விக்கலோடு நின்றது. தடித்த சுவர், பழைய சுண்ணாம்பு வாசனை, வெளியே வேப்பமரத்தில் காக்கைகூடக் கத்தவில்லை.

அப்போது கேட்டது.

கடகடகடவென்று சின்னதாய் ஒரு சத்தம். நிற்கும். மறுபடி தொடங்கும். எலி பிறாண்டுகிற சத்தம் இல்லை. சின்ன வயசில் மழையில் நனைந்து வந்து, அம்மா தலை துவட்டும்போது என் வாய்க்குள்ளேயே நான் கேட்ட சத்தம்.

குளிரில் பல்லோடு பல் அடிக்கிற சத்தம்.

மூடியைத் தூக்கினேன். சத்தம் நின்றது. மூடியின் உட்புறம் படிந்திருந்த வெள்ளைப் பனியில் இரண்டு இடங்கள் மட்டும் உருகியிருந்தன. இரண்டும் உள்ளங்கை அகலம். கீழே ஒட்டிய பைக்குள், காற்றே இல்லாத பைக்குள், மூச்சு விட்டாற்போல ஆவி படிந்து, மறைந்து, மறுபடி படிந்தது.

இயேசுவே என்று மூடியைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன்.

வாசலில், ஹாக்கி டீம் போட்டோவுக்குக் கீழே ஒரு அம்மாள் நின்றிருந்தார். அந்த வெயிலில் சால்வை போர்த்தியிருந்தார். உதடு நீலம் பாரித்து, உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கிற்று.

"நான் பட்டு. சாஹித்யாவோட அம்மா. ஸ்வெட்டர் எங்கன்னு கேட்டு கேட்டு, இன்னிக்குத்தான் அவர் வாயைத் திறந்தார். எங்க வச்சிருக்கேள் என் குழந்தைய?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பனிக்கட்டி பிடித்தது போலிருந்தது.

"குளிர்றதும்மாங்கறா. ரெண்டு நாளா காதுக்குள்ள அதே குரல். ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொன்னா. ஐ.சி.யு.வுல அவ்வளவு ஏ.சி. இந்த ஸ்வெட்டர எடுத்துண்டு போனேன். வெளித்துணி உள்ள வரக்கூடாதுன்னுட்டா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கையில வச்சுண்டே நின்னேன். அந்தப் பக்கம் அவ நடுங்கிண்டே போயிட்டா."

மியூசியத்துக்கு வந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. விதி கிடக்கிறது கழுதை என்று அவரைப் பின்னறைக்கு அழைத்துப் போனேன்.

ஃப்ரீசரைத் திறந்து பார்த்தவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இதுக்குள்ளயா வச்சேள்?" என்று மட்டும் கேட்டார்.

பையைக் கிழித்துக் கொடுத்தேன். பலகை மாதிரி விறைத்திருந்தது. மாமி அதைச் சால்வைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அது இளகி, தண்ணீர் சொட்டி, அவர் புடவையெல்லாம் நனைந்தது. பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே பேசினார்.

"எப்பவும் ஒண்ணு மாத்தித்தான் போட்டுப்பா. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, கோணலா ஓடுவா. நான்தான் வாசல்ல நிறுத்திச் சரி பண்ணுவேன். அதுக்குன்னே அப்படிப் போட்டுண்டாளோ என்னமோ."

வீட்டுக்கு எடுத்துப் போனார். நான் ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து போட்டு, அறையைப் பூட்டினேன். பிள்ளை அம்மாவோடு போய்விட்டாள் என்று நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை போன் வந்தது.

"ஆக்னஸ், இதுல சூடே இல்லம்மா. நாற்காலியில போட்டேன், மடியில வச்சுண்டேன். வெறும் நூலா இருக்கு. அவ வரலை."

போனைக் காதில் வைத்தபடியே பின்னறைக் கதவைத் திறந்தேன். பிளக் தரையில் கிடந்தது. ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காலிப் பெட்டிக்குள் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது.

கடகடகட.

"அது என்ன சத்தம்?" என்று மாமி கேட்டார். நான் சொல்வதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது.

ஆட்டோ பிடித்து வந்தார். பின்னாலேயே வெங்கடகிருஷ்ணன் சாரும் வந்து, அறை வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மாமி ஸ்வெட்டரை எடுத்து, பட்டன்களைக் கழற்றி, குழந்தைக்குப் போர்த்துவது போல அந்தப் பெட்டிக்குள் விரித்தார்.

சத்தம் நின்றது.

"வா கண்ணு, ஆத்துக்குப் போலாம்" என்று ஸ்வெட்டரைத் தூக்கினார்.

கடகடகட.

மறுபடி விரித்தார். நின்றது. தூக்கினார். தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடப் பலமாக. கடைசியில் சார்தான் உள்ளே வந்து மாமியின் தோளைப் பிடித்தார்.

"பட்டு, விடு. குழந்தைக்குக் குளிர்றது."

மாமி அவரைப் பார்த்தார். ஸ்வெட்டரை இங்கே கொண்டுவந்து கொடுத்ததே நீங்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். ஸ்வெட்டரை மெதுவாக உள்ளே வைத்து, சுருக்கம் நீவி, கையை எடுத்துக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குக் கொடுக்க முடியாததை இப்போது கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு கிளம்பினார். வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அந்த நடையைப் பார்த்து நானும் நஸ்ரினும் அழுதோம்.

அறையைப் பூட்டிச் சாவியை என் கைப்பையிலேயே போட்டுக்கொண்டேன்.

இன்று காலையில் போய்த் திறந்தேன். பனி ஒரு துளி இல்லை. பெட்டி உலர்ந்து கிடந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே நின்றபடியே மாமிக்குப் போன் போட்டேன்.

"மாமி, நேத்து பட்டனையெல்லாம் கழட்டித்தான விரிச்சீங்க?"

"ஆமாம். ஏன்?"

"போட்டிருக்கு மாமி. கழுத்து வரைக்கும்." குனிந்து மறுபடி பார்த்தேன். "ஒண்ணு மாறிப் போட்டிருக்கு. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி."



"சரி பண்ணிடாதே" என்றார் மாமி. "தொட்டுப் பாரு. சூடா இருக்காளா?"

தொட்டேன்.

"இருக்கா மாமி."