லேபிளில் ஒரு நட்சத்திரம்

நான்காவது படம் முடிந்து திரை வெளுத்தபோது, புரொஜெக்டர் அறையில் இருந்தவனின் கை மேஜை மேல் வெறுமனே துழாவிக்கொண்டிருந்தது. ஐந்தாவது படம் இருந்த ஹார்டு டிஸ்க்கைக் காணோம்.

அதிகாலை மூன்றரை மணி. கீழே கல்லூரி அரங்கத்தில் இருநூறு பேர் விசிலடித்தார்கள். விடிய விடிய விண்வெளிப் படங்கள், கடைசியாக மாணவர்களே எடுத்த படம் என்று போஸ்டர் ஒட்டி அழைத்து வந்த கூட்டம். அந்தக் கடைசிப் படம்தான் காணாமல் போயிருந்தது.

"அக்கா" என்றான், படியேறி வந்தவளைப் பார்த்து.

மீதிப் படிகளை அவள் தாவி ஏறினாள். கல்லூரிக்குள் அவன் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இங்கே அவள் இயற்பியல் ஆசிரியை, அவன் இரண்டாம் ஆண்டு மாணவன்; மற்றவர்களைப் போல அவனும் 'மிஸ்' என்றுதான் சொல்வான். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு: பூதக்கண்ணாடி. யாரோ யாரையோ பார்த்து எழுதிய ஆய்வக ரெக்கார்டை ஒரு கமாவை வைத்தே பிடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர்.

"நல்லா தேடினியா?"

"மேஜைக்கு அடியில, ரேக்குல, எல்லா இடத்துலயும் பார்த்துட்டேன்க்கா."

அவளும் தேடினாள். அறைக்கு இருந்தது ஒரே ஒரு சிவப்பு பல்புதான். வெள்ளை விளக்கு போட்டால் ஜன்னல் வழியாக வெளிச்சம் கடைசி வரிசைகளில் விழுந்து ஆட்கள் கத்துவார்கள் என்று, மாலையிலேயே தம்பி டியூப் லைட்டைக் கழற்றி வைத்திருந்தான். அந்தச் சிவப்பில் சுவர், மேஜை, தம்பியின் வெளிறிய முகம் எல்லாமே ஒரே நிறத்தில் தெரிந்தன. டிஸ்க் மட்டும் தெரியவில்லை.

செய்தி பொறுப்புப் பேராசிரியருக்குப் போனது. தூக்கம் கெட்ட எரிச்சலில் இருந்தவர், உடனே காவலாளிக்குப் போன் போட்டார்.

"கதவத் திறக்காதே. நான் சொல்ற வரைக்கும் யார் தட்டினாலும் திறக்காதே."

கதவு ஏற்கெனவே வெளியே பூட்டித்தான் இருந்தது. மாணவர்களும் மாணவிகளும் ஒன்றாக இரவு முழுக்க உட்கார நிர்வாகம் அந்த நிபந்தனையின் பேரில்தான் சம்மதித்திருந்தது. படத்தை யாரும் பதிவு செய்துவிடக் கூடாதென்று மாணவர்களின் போன்களையும் வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டு வெளியே வைத்திருந்தார்கள். ஆறு மணிக்குத் திறக்கும் என்ற நம்பிக்கையில் இதுவரை யாருக்கும் பூட்டு பெரிதாகத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது.

பேராசிரியர் மேடையேறி, டிஸ்க் கிடைக்கும்வரை ஒருவரும் வெளியே போக முடியாது என்று சொன்னார். அரங்கம் தேன்கூடு கலைந்த மாதிரி இரைந்தது. பைகள் கவிழ்க்கப்பட்டன. டிஸ்க் கிடைக்கவில்லை. வியர்வையும் பழைய பாப்கார்னும் கலந்த காற்று கனத்துக்கொண்டே போனது. ஒரு பெண் கதவிடுக்கில் வரும் காற்றுக்காக இரும்புத் தாழ்ப்பாளில் நெற்றியை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மேடைக்குப் பின்னாலிருந்த ஒப்பனை அறையில் விசாரணை நடந்தது. புரொஜெக்டர் அறைக்குப் போய் வந்தவர்கள் மூன்றே பேர்: படத்தை இயக்கிய பெண், நடித்த பையன், ஒலிப்பதிவு செய்த பையன். டைரக்டர், ஹீரோ, சவுண்டு என்றுதான் கல்லூரி முழுக்க அவர்களைக் கூப்பிடும்.

"நீங்க அவனோட அக்கா. நீங்க இதுல இருக்கறது சரியில்ல மேடம்" என்றார் பேராசிரியர்.

"வெளிய போகலாம்னா போயிடுவேன் சார். பூட்டியிருக்கே."

அவர் தம்பியிடம் திரும்பினார். "டிஸ்க் எப்படி இருந்துச்சு?"

"கறுப்பா, உள்ளங்கை அளவு. மேல வெள்ளை லேபிள் ஒட்டியிருந்துச்சு சார்."

"லேபிள்ல என்ன எழுதியிருந்துச்சு?"

"ஒண்ணும் எழுதல. மொட்டையா இருந்துச்சு."

டைரக்டர் நிமிர்ந்தாள். அழுது அழுது அவள் கண்கள் வீங்கியிருந்தன. "பொய் சொல்றான் சார். சிவப்பு ஸ்கெட்ச்ல படத்தோட பேரப் பெருசா எழுதினேன். ஒரு வருஷ உழைப்பு சார். எடிட் பண்ணதும் அதுலதான், வேற நகல் கிடையாது."

"இவன் மொட்டைங்கறான், நீ எழுத்துங்கற." பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப இவன் வேற ஏதோ டிஸ்க்க மாத்தி வெச்சிருக்கான். அதான் உளறுறான்."

"சத்தியமா இல்ல சார்" என்றான் தம்பி. அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

ஹீரோ கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னான்: "என் படம் எப்ப வரும்னு கேக்கப் போனேன். மேஜைல ரெண்டு டிஸ்க் இருந்துச்சு. ஒண்ணுல கறுப்பு மைல எழுதியிருந்துச்சு. இன்னொண்ணு... சும்மா வெள்ளையாத்தான் இருந்த மாதிரி ஞாபகம்."

"நீ முதல் படத்துலயே குறட்டை விட்ட ஆளு" என்று பேராசிரியர் அவனை ஒதுக்கினார். "நீ சொல்லுப்பா."

சவுண்டு மெலிந்த பையன். நிதானமாகப் பேசினான். "மூணாவது படம் ஓடும்போது ஆம்ப்ளிஃபயர் பார்க்க மேல போனேன் சார். இவன கீழ குனிஞ்சு ஒயரப் பிடிக்கச் சொன்னேன். அப்ப டிஸ்க் மேஜைலதான் இருந்துச்சு. சிவப்புல பேரு, கீழ சின்னதா ஒரு நட்சத்திரம். பார்த்துட்டு இறங்கி வந்துட்டேன். அப்புறம் நான் மேல போகவே இல்ல."

"நட்சத்திரம் போட்டேன் சார்" என்று விசும்பினாள் டைரக்டர்.

"முடிஞ்சுது" என்றார் பேராசிரியர். "தம்பி, எங்க வெச்சிருக்கன்னு நீயே சொல்லிடு. இல்லேன்னா காலைல முதல்வர்கிட்ட நிப்பே. சீட்டு கிழிஞ்சிடும்."

தம்பி சுவரோடு ஒண்டிக்கொண்டான். அந்தச் சின்ன அறையில் அவனுக்குப் பின்வாங்க இடமில்லை. அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும் என்பது அக்காவுக்குக் குழந்தையிலிருந்தே தெரியும். இப்போது சிவக்கவில்லை. ஆனால் தம்பியின் காதைச் சாட்சியாக யாரிடம் காட்டுவது?

அவள் எழுந்து அரங்கத்துக்குள் வந்தாள். முன்வரிசைப் பையன் ஒருவன் மறித்தான்.

"மிஸ், டிஸ்க் கிடைச்சாலும் அந்த ஸ்பீக்கர மொதல்ல பாக்கச் சொல்லுங்க. நாலாவது படம் பூரா இடது பக்கம் கரகரன்னுச்சு. சவுண்டுகிட்ட சொன்னா, 'அப்படியே விடு'ங்கறான்."

"அவனா அப்படிச் சொன்னான்?"

"அவன்தான் மிஸ். கொசு பறந்தாலே எழுந்து போய் ஒயர ஆட்டிப் பாக்கறவன்."

அவள் தலையசைத்துவிட்டு நடந்தாள். காலடியில் நொறுங்கியது. மூன்றாவது படத்துக்காகக் கொடுத்த முப்பரிமாணக் கண்ணாடி. அட்டைச் சட்டம், ஒரு கண்ணுக்குச் சிவப்புத் தாள், மறு கண்ணுக்கு நீலம். குனிந்து எடுத்தாள். அதை ஒரு முறை கண்ணில் வைத்து, சுவரிலிருந்த போஸ்டரைப் பார்த்தாள். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

ஒப்பனை அறைக்கு அவள் திரும்பிய வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

"டைரக்டர், அந்த லேபிளை எங்க வெச்சு எழுதின?"

"ஹாஸ்டல் ரூம்ல மிஸ். எழுதி ஒட்டி நேரா பையில போட்டேன். மேல போய்த்தான் வெளிய எடுத்தேன்."

"வேற யாருக்காவது காட்டினியா?"

"இல்ல மிஸ்."

"அந்த ஸ்கெட்ச் இருக்கா?"

டைரக்டர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அக்கா ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் நாலு வார்த்தை எழுதி, கீழே ஒரு நட்சத்திரம் போட்டாள். கண்ணாடியைப் பேராசிரியரிடம் நீட்டினாள்.

"போட்டுக்கிட்டு, நீலக் கண்ண மூடிக்குங்க சார். சிவப்பு வழியா மட்டும் பாருங்க. என்ன எழுதியிருக்கு?"

அவர் பார்த்தார். தாளைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். "ஒண்ணும் இல்லையே."

"மேல இருக்கறது சிவப்பு பல்பு மட்டும்தான். அந்த வெளிச்சத்துல வெள்ளைத் தாளும் சிவப்பாத்தான் தெரியும், சிவப்பு மையும் சிவப்பாத்தான் தெரியும். எழுத்து கரைஞ்சு போயிடும். கறுப்பு மை மட்டும்தான் நிக்கும். என் தம்பி மொட்டைனு சொன்னது உண்மை. தூக்கக் கலக்கத்துல இருந்தாலும் ஹீரோ சொன்னதும் உண்மை."

அவள் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அந்த நட்சத்திரத்த மேஜை மேல யாராலயும் பார்த்திருக்க முடியாது. நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தவன்தான் பார்த்திருக்க முடியும். இவன குனிய வெச்ச நேரத்துல எடுத்தது நீதான், சவுண்டு. டிஸ்க் இப்ப இடது ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள இருக்கு. அதனாலதான் கரகரன்னுச்சு. அதனாலதான் நீயும் எழுந்து போகல."

சவுண்டு எழுந்து அரங்கத்துக்குள் போனான். இடது ஸ்பீக்கர் துளைக்குள் கையை விட்டு, டிஸ்க்கை எடுத்து வந்து டைரக்டரின் மடியில் வைத்தான்.

"உடைக்கணும்னு எடுக்கல. இன்னிக்கு ஓடக் கூடாதுன்னுதான்."

"ஏன்டா?" டைரக்டர் டிஸ்க்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "உன் படமும்தானே இது?"

"படத்துல விண்வெளிக் கப்பலோட கம்ப்யூட்டர் பேசுற குரல் இருக்கே. தெரிஞ்சவங்க குரல்னு சொல்லித்தானே குடுத்தேன். அது எங்கம்மா."

அவன் கையில் ஒட்டியிருந்த தூசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"போன்ல அனுப்பின மெசேஜ். சாப்பிட்டியா, கதவச் சாத்தினியா, நேரத்தோட தூங்கு. அதெல்லாம் நானேதான் குடுத்தேன். கப்பல்ல அவங்க பேசறது எனக்கும் பிடிச்சிருந்துச்சு. ஆனா ஹீரோ ஒயரப் பிடுங்கும்போது கம்ப்யூட்டர் கெஞ்சுதே, 'மூச்சு வாங்குதுப்பா, நீ வந்துடு'ன்னு. அத நான் குடுக்கல. நீயா என் ஃபோல்டர்ல தேடி எடுத்துட்டே. அதுக்கப்புறம் அவங்ககிட்டேருந்து மெசேஜ் வரல."

"எடுத்துடுன்னு மட்டும்தானே சொன்னே. காரணம் சொல்லலையேடா."

"எப்படிச் சொல்றது? எடிட்டிங்ல அந்த சீன் வந்தப்ப எல்லாரும் சிரிச்சீங்க."

ஹீரோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனும் சிரித்தவன்தான்.

பேராசிரியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "இதை முதல்வர்கிட்ட என்னன்னு சொல்றது?"

பதில் தம்பியிடமிருந்து வந்தது. "டிஸ்க் கிடைச்சிடுச்சுன்னு சொல்லுங்க சார்."

"உன்கிட்ட அவசரப்பட்டுட்டேன்ப்பா" என்றவர், போனை எடுத்துக் கதவைத் திறக்கச் சொன்னார்.

சங்கிலி உருவும் சத்தம் கேட்டது. குளிர்ந்த காற்று அரங்கத்துக்குள் வந்தது. பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் வாசல்வரை போய்க் காற்று வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

டைரக்டர் டிஸ்க்கைத் தம்பியிடம் கொடுத்தாள். "கம்ப்யூட்டர் குரல் தனி டிராக்ல இருக்கு. அதை மொத்தமா அணைச்சிட்டுப் படத்தப் போடு."

"அப்ப கப்பல் பேசுற இடமெல்லாம் ஊமையா ஓடுமே."

"நான் பேசறேன்."

படம் ஓடியது. மேடை ஓரத்து இருட்டில் அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கப்பல் வாய் திறக்கும் இடங்களில் எல்லாம் இவளே பேசினாள். சில இடங்களில் முந்திக்கொண்டாள், சில இடங்களில் தடுமாறினாள். கூட்டம் பொறுத்துக்கொண்டது. ஒயரைப் பிடுங்கும் காட்சி நெருங்க நெருங்க அவள் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்வதென்று அவள் எழுதி வைத்திருக்கவில்லை.

கடைசி வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சவுண்டு எழுந்தான். வாசல் பக்கம் போவான் என்று அவள் நினைத்தாள். அவன் இருட்டில் மேடைக்கு நடந்து போய், டைரக்டரின் கையிலிருந்த மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.

"வாயோட ஒட்டிப் பிடிக்காத" என்றான் மெதுவாக. "மூச்சுச் சத்தம் கேக்குது."