அறுபதடி ஆமோஸ்

தீர்க்கதரிசி ஆமோஸின் மேல் தீர்க்கதரிசி ஆமோஸ் விழுந்து கிடந்தார்!

அடியில் கிடந்தவர் ஐந்தரை அடி.

மேலே கிடந்தவர் அறுபதடி... கட்அவுட்!

எண்ணூர் கடற்கரையில் இரண்டாயிரம் பேர் அலறிக்கொண்டிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பிலோமி ஜீப்பிலிருந்து குதித்தபோது காலை பதினொன்றேகால்.

"ஆள் உயிரோட இருக்காரா?"

"தெரியல மேடம்," என்றார் ஏட்டு பக்தவச்சலம். "ரெண்டு ஷூ மட்டும் வெளிய கீது."

ஷூக்களில் ஒன்று... ஆடியது!

"ஸ்தோத்திரம்!"

கூட்டம் கட்அவுட்டைத் தூக்கியது. மேடைப் பலகையோடு மணலுக்குள் பதிந்திருந்த ஆமோஸை உருவி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

"என்ன நடந்துச்சு?" என்றாள் பிலோமி.

"மேடையில நின்னுகினு காத்துக்கே சவுண்டு வுட்டாரு மேடம்! 'காத்தே, நான் சொன்னா நீ கேக்கணும். எனக்கு மேல எவன் கீறான்?'ன்னாரு. அடுத்த செகண்டு... பொத்து!" என்றார் ஏட்டு.

பிலோமிக்கு உடம்பு சிலிர்த்தது. ராயபுரத்தில் ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள். பெருமை பிடித்தவனைக் கடவுள் கீழே இறக்குவார் என்று பங்குச் சாமியார் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்!

ஆனால் அடுத்த செகண்டிலேயேவா?

குனிந்து பார்த்தாள். கட்அவுட்டைத் தாங்கிய இரும்புக் கால்களில் போல்ட் இல்லை. ஒன்றுகூட!

"கடவுள் ஸ்பானர் எடுத்துகிட்டு வரமாட்டாரு ஏட்டய்யா. இது மனுஷன் வேலை!"

அந்த நேரம் பின்னால் ஒரு கூச்சல்.

"கொலகாரன்! வுடாத, புடி!"

கட்அவுட்டை நிறுத்திய வெல்டர் தாமோதரனைக் கூட்டம் பிடித்துவிட்டது. முகத்துவாரக்குப்பத்து ஆள். சட்டை கிழிந்து, நெற்றியில் ரத்தம். யாரோ ஒருவன் கையில் கருங்கல்!

பிலோமி நடுவில் பாய்ந்தாள்.

"இவர் மேல கல்லு பட்டுச்சு... போட்டவன் இன்னிக்கே உள்ள!"

கல் மணலில் விழுந்தது.

"மேடம்... சத்தியமா நான் இல்ல," தாமோதரன் கும்பிட்டான். "நேத்து சாயங்காலம் எல்லா போல்ட்டையும் என் கையால முடுக்கினேன். எனக்கு ரெண்டு பொண்ணு கீது மேடம்!"

பிலோமி அவன் கண்களைப் பார்த்தாள். நம்பத் தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்து ஒருவனைக் காப்பாற்ற முடியாதே!

திருவொற்றியூர் ஆஸ்பத்திரி. இரண்டு கால்களிலும் மாவுக்கட்டோடு கர்ஜித்தார் ஆமோஸ்.

"தாமோதரன்தான்! என் ஊழியத்தப் பொறுக்காத சாத்தான்! அவன ஜெயில்ல போடுங்க சிஸ்டர்!"

"சாட்சி?"

"தரிசனத்துல பாத்தேன்!"

"தரிசனத்துக்குக் கோர்ட்டுல ஜெராக்ஸ் கேப்பாங்க பிரதர்."

அப்போது...

போன் அலறியது. மணலில் கண்டெடுத்த ஆமோஸின் போன். பிலோமியின் கையில் இருந்தது.

ஆமோஸின் முகம் வெளுத்தது. "எ... எடுக்காதீங்க!"

எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிரதர், கொருக்குப்பேட்ட ஃப்ளெக்ஸ் கடை நவ்ரீன் பேசறேன். நேத்து ஆர்டர் குடுத்தீங்களே... ரெடியாயிடுச்சு. எங்க கட்டணும்?"

"அதுல என்ன எழுதியிருக்கு? படிம்மா," என்றாள் பிலோமி.

"'சாய்ந்த கட்அவுட்டிலிருந்து தீர்க்கதரிசியைக் காத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!' நீங்க சொன்னா மாதிரி இன்னிக்குத் தேதியே போட்டாச்சு."

பிலோமி போனை அணைத்தாள்.

"கட்அவுட் சாயும்னு நேத்தே தெரியுமா பிரதர்?"

"நா... நான் தீர்க்கதரிசி சிஸ்டர்!"

"அப்புறம் ஏன் அதுக்கடியில போய் நின்னீங்க?"

ஆமோஸின் தோள்கள் தொங்கின.

"விடியகாலையில போல்ட்டெல்லாம் நானே கழட்டினேன். ஒரே கயித்துல நிறுத்தி வெச்சேன். காத்துக்குக் கட்டளை குடுத்துட்டு கயித்த அவுத்துவிட்டா, அது மேடைக்கு அந்தப் பக்கம், கடலப் பாக்க சாயும். நான் சொன்னதக் காத்து கேட்டுச்சுன்னு ஊரே பேசும்... அதான் ப்ளான். ஒம்போது மணிக்குக் கூட்டம்."

"ஏன் பதினொண்ணு ஆச்சு?"

"நூறு பேருதான் வந்திருந்தாங்க. நூறு பேருக்கு முன்னால அற்புதம் பண்றதா? என் லெவல் என்ன? ரெண்டாயிரம் சேர்ற வரைக்கும் கார்லயே உக்காந்துட்டேன்..."

வாசலில் நெற்றித் தையலோடு நின்ற தாமோதரன் தலையில் அடித்துக்கொண்டான்.

"காலையிலதான் சாரே காத்து கடலப் பாக்க அடிக்கும்! பதினோரு மணிக்கு கடல்காத்து திரும்பிகினு நேரா மேடைக்கு வரும். எங்க குப்பத்துல கொயந்தையக் கேட்டாலும் சொல்லும்!"

சொல்லிவிட்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். பக்தவச்சலம் அவன் தோளைத் தட்டினார்.

"எழுந்திரு நைனா. வூட்டுக்குப் போ. பொண்ணுங்க காத்துகினு இருக்கும்."

பிலோமி பேனாவைத் திறந்தாள்.

"சிஸ்டர்..." ஆமோஸின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "என் மேல கேஸு போடுவீங்களா?"

"போடாம? தண்டனை முடிஞ்சப்புறம் எஃப்.ஐ.ஆர். எழுதறது எனக்கும் இதுதான் மொத தடவை பிரதர்!"