மருமகளுக்குக் காலேஜில் வேலை

"புழு வளர்க்கிறவளுக்கு ஸ்டைபண்ட் நின்னு போச்சாம்... நம்பணுமாம்!"

மாமியார் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள். சொன்னது என்னவோ பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்த மருமகளுக்கு.

சாயப்பட்டறைக் கழிவைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் கிருமிகளைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வளர்க்கும் ஆராய்ச்சி மாணவி அவள். வீட்டில் அதற்குப் புழு வளர்ப்பு என்று பெயர். நாத்தனார் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்து, முப்பது தாண்டிய பிறகுதான் படிப்பில் சேர்ந்தாள். பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் கணவனின் வருமானத்தோடு அவளுடைய உதவித்தொகையும் சேர்ந்துதான் குடும்பம் ஓடியது. சில மாதங்களாக அது வரவில்லை.

"உங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன்னு சொல்லிட்டுப் போயேன்! நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்?"

"சத்தியமா இல்ல அத்தை..."

"அப்புறம் ஏன் வரல? வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

ஏன் வரவில்லை என்பது நேற்றுதான் அவளுக்கே தெரிந்தது. அதை எந்த வாயால் சொல்வது!

"நான் ஆராய்ச்சிய விட்டுடறேன் அத்தை. எங்கயாவது வேலைக்குப் போறேன்."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "முடியப் போற நேரத்துல என்ன பேசற நீ?"

அப்போது பார்த்து போன் அடித்தது. மருமகளின் வழிகாட்டிப் பேராசிரியைதான். அவள் கையெல்லாம் மாவாக இருந்ததால் கணவனே ஸ்பீக்கரைப் போட்டான்.

"ஏம்மா, உன் ஸ்டைபண்டுக்கு விளக்கம் கொடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள்! முழுநேர ஆராய்ச்சி பண்றவங்க வேற வேலை பார்க்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? நீ லெக்சரரா இருக்கிறதா உங்க வீட்டுலயே சொன்னாங்கன்னு சூப்பரிண்டண்ட் ஃபைல நிறுத்தி வச்சிருக்கார். யார் அப்படிச் சொன்னது? நேத்து கேட்டா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்ட..."

முழங்கையால் போனை அணைத்தாள் மருமகள். ஆனால் கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள். குழாய்த் தண்ணீர் அது பாட்டுக்கு ஓட, மாமியாரின் கை அப்படியே நின்றது.

உதவித்தொகைப் பிரிவுக்குப் புதிதாக மாறி வந்திருக்கும் அந்தக் கண்காணிப்பாளர் வேறு யாருமில்லை... மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சம்பந்தி! கல்யாணம் முடிந்து முதல் தடவை வந்தபோது, மருமகள் என்ன செய்கிறாள் என்று அவர் கேட்க, "காலேஜ்ல லெக்சரர்! பசங்க நடுங்குவாங்க!" என்று அளந்துவிட்டவள் மாமியார்தான்.

"நான்தானே... நான்தானேடி சொன்னேன்! நேத்தே என் பேரச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா உங்களை அவர் என்னன்னு நினைப்பார் அத்தை? அந்த வீட்டுல உங்க பொண்ணு எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா?"

"என் மானத்துக்காக உன் படிப்பையே விடப் பார்த்தியா... உன்னைப் போய் நான்..." மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "கிளம்பு."

உதவித்தொகைப் பிரிவில் மேஜைக்கு மேஜை கோப்புகள். சம்பந்தி பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க சம்பந்திம்மா, உட்காருங்க."

"நின்னுக்கிட்டே சொல்லிடறேன் சம்பந்தி. உட்கார்ந்தா வாய் வராது." மாமியார் மருமகளை முன்னால் இழுத்து நிறுத்தினாள். "இவ எங்கயும் வேலை பார்க்கல. நான் சொன்னது பொய். இந்த வயசுல பை மாட்டிக்கிட்டுப் படிக்கப் போறான்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு... நீங்க பெரிய இடம், குறைச்சலா நினைப்பீங்களோன்னு..."

பிரிவு முழுவதும் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. எல்லாக் கண்களும் அந்த வயதானவள் மேல்! மருமகளால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு நானும் அங்கதான் நின்னேன் மாமா. மறுத்திருக்கலாம். லெக்சரர்னு கேட்க எனக்கும் நல்லா இருந்துச்சு... சும்மா இருந்துட்டேன்."

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றினார். "உறவுன்னு கண்ண மூடிக்கிட்டா தப்பாயிடும்னு நிறுத்தினேன்மா. உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கணும்னு எனக்குத் தோணல பாரு..." அவர் குனிந்தபடியே கோப்பை எடுத்துக் கையெழுத்திட்டார். "நின்ன மாசங்களுக்கும் சேர்த்து வந்துடும்."

"இத வச்சு என் பொண்ண யாரும்..."

"அவ இப்ப என் வீட்டுப் பொண்ணு சம்பந்திம்மா. போயிட்டு வாங்க."

வராந்தாவுக்கு வந்ததும் மாமியார் தூணோரம் ஒதுங்கினாள். "என் மூஞ்சியப் பார்க்காதம்மா... கூசுது. உன்னைத் திருடி மாதிரி பேசினேனே! நீ என்னைத் திருப்பி நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?"

"அத்தை..." மருமகள் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். இருவரும் விம்மி விம்மி அழுதார்கள்.

அந்தப் பக்கமாக வந்த காவலாளி தயங்கி நின்றார். "என்னம்மா ஆச்சு? இவங்க இங்க வேலை பார்க்கிறாங்களா?"

மாமியார் மருமகளின் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள். கண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை.

"இல்லப்பா. என் மருமக. இங்க படிக்கிறா."

குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.